தினமும்னு எழுதினது யாரு

ஏய், முழிச்சிருக்கியா? நீ ஒண்ணும் பேச வேணாம், கேட்டா போதும். போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத்தான் போன்ல பேசறேன். அம்மா நாற்காலியிலயே சுருண்டு தூங்கறாங்க. இதை யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். அம்மாகிட்ட சொல்ல முடியாது. அவங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியும் தெரிஞ்சா என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.

இன்னிக்குக் காலைல ஒம்போது மணிக்கு என் தொண்டைக்குள்ள குழாய் விட்டு வயித்தைப் பாக்கறதா இருந்துச்சு. அதுக்குக் காரணம் என் வயிறு இல்ல. என் வாய்.

இரு, முதல்லேர்ந்து சொல்றேன்.

காய்ச்சலும் வாந்தியுமா என்னை இந்த ஆஸ்பத்திரியில கொண்டுவந்து போட்டாங்கல்ல? மூணாம் நாளே ரெண்டும் நின்னுபோச்சு. நாலாம் நாள் ஒரு முழு பிரட் பாக்கெட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவோட சாப்பாட்டுலயும் கை வச்சேன். ஆனாலும் இடது கையில குத்தின ஊசி அப்படியே இருக்கு, தலைக்கு மேல உப்புத்தண்ணி பாட்டில் தொங்கிக்கிட்டே இருக்கு. ஒண்ணு தீர்ந்தா சிஸ்டர் வந்து அடுத்ததை மாட்டுவாங்க. "நான்தான் நல்லா சாப்பிடறேனே சிஸ்டர்"னு கேட்டா, "சீட்ல இருக்கும்மா"ம்பாங்க. கட்டில் கால்மாட்டுல ஒரு அட்டை தொங்குமே, அதுல செருகின தாளுங்கதான் சீட். அதுல எழுதியிருந்தா முடிஞ்சுது. அப்பீலே கிடையாது.

அந்தச் சீட்டுல இன்னொரு வரியும் இருந்துச்சு. ரத்தப் பரிசோதனை, தினமும்.

அதை எடுக்க வர்றவங்கதான் குட்டி டாக்டர். படிப்பை முடிச்சிட்டுப் பயிற்சிக்கு வந்திருக்காங்க. பாத்தா நம்ம ஸ்கூல்ல பன்னண்டாவது படிக்கற அக்கா மாதிரி இருப்பாங்க. பேர் வச்சது பக்கத்துக் கட்டில் அக்கா. அந்த அக்கா பஸ் கண்டக்டர், கால்ல புண்ணு ஆறாம வந்து படுத்திருக்காங்க. இந்த வார்டுல இருபத்திரண்டு கட்டில். அதுல யாருக்கு என்ன, யார் வீட்டுலேர்ந்து யார் வந்தாங்க, யார் வரலேன்னு எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. காலைல ஆறு மணிக்கு குட்டி டாக்டர் டிரேயைத் தூக்கிக்கிட்டு உள்ள நுழைஞ்சதுமே, "கையை நீட்டாதவங்கல்லாம் நீட்டுங்க! அடுத்த ஸ்டாப்பிங்ல செக்கிங் இருக்கு!"ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. தூங்கறவங்க எல்லாரும் திட்டிக்கிட்டே சிரிப்பாங்க.

நம்ப மாட்ட, எனக்கு இந்த இடம் பிடிச்சுத்தான் போச்சு. அம்மா தைக்கறதுக்குன்னு துணி மூட்டையோடவே வந்திருக்காங்க. மடிப்படிக்க வேண்டியதை எல்லாம் கட்டில்ல உக்காந்தே அடிக்கறாங்க. ரெண்டு சிஸ்டருக்கு யூனிஃபார்ம் இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தாச்சு. குட்டி டாக்டரோட கோட்டுப் பாக்கெட்ல ரப்பர் பட்டை, மூணு பேனா, பாதி தின்ன பிஸ்கட், ஒரு குட்டி நோட்டுன்னு திணிச்சுத் திணிச்சு ஓரமே பிஞ்சு தொங்கிச்சு. அம்மாவுக்கு அதைப் பாத்துட்டுக் கை சும்மா இருக்குமா? "கழட்டிக் குடும்மா, அஞ்சு நிமிஷம்"னு வாங்கி ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தாங்க. அஞ்சு நிமிஷம் கோட்டு இல்லாம நின்னப்ப அவங்க இன்னும் சின்னவங்களா தெரிஞ்சாங்க.

ஆனா ரத்தம் எடுக்கறது மட்டும் அவங்களுக்கும் எனக்கும் நரகம். என் நரம்பு ஊசியைப் பாத்தாலே ஓடி ஒளிஞ்சுக்கும். வலது கை மடிப்பு கத்திரிக்காய் கலர்ல ஆயிடுச்சு. அவங்க குத்துவாங்க, தவறும், "சாரிம்மா, சாரிம்மா"ம்பாங்க, மறுபடி குத்துவாங்க.

நேத்துக் காலைல ரெண்டு தடவை தவறிச்சு. அவங்க அதுக்கு முந்தின நாள் காலைலேர்ந்து வீட்டுக்கே போகலயாம், கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பா இருந்துச்சு. மூணாவது தடவை ரப்பர் பட்டையைக் கட்டினப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"டாக்டர், இந்தக் கையிலதான் ஏற்கெனவே ஊசி குத்தி வச்சிருக்கீங்களே. அதுலேர்ந்தே எடுத்துக்குங்களேன். ப்ளீஸ் டாக்டர்."

"அதுல எடுக்கக் கூடாதும்மா."

"யாருக்குத் தெரியப் போகுது? அம்மா பல்லு தேய்க்கப் போயிருக்காங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவங்க திரும்பிப் பாத்தாங்க. சிஸ்டர் வார்டோட அந்தக் கோடியில இருந்தாங்க. இன்னும் பதினஞ்சு பேருக்கு எடுக்கணும். எட்டரைக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துடுவார்.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவைதான். சிஸ்டர்கிட்ட மூச்சு விடாத."

"மூச்சே விட மாட்டேன் டாக்டர்."

பாட்டில்லேர்ந்து வர்ற குழாயில ஒரு சின்ன சக்கரம் இருக்கும். அதைத் திருகித் தண்ணியை நிறுத்தினாங்க. நிறுத்தின கையோட அந்த ஊசி வழியாவே உறிஞ்சு எடுத்துட்டாங்க. கொஞ்சம்கூட வலிக்கல. எனக்கு அவங்களைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருந்துச்சு. அடுத்த கட்டில்ல கண்டக்டரக்கா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தாங்க. தூங்கறாங்கன்னு நினைச்சேன்.

மத்தியானம் பன்னண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்துச்சு. குட்டி டாக்டர் அதைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமா வந்து என் மூஞ்சியைப் பாத்தாங்க, சீட்டைப் பாத்தாங்க, உடனே போனை எடுத்தாங்க. பேசினது நடு டாக்டர்கிட்ட. இவங்களுக்கு மேல, பெரிய டாக்டருக்குக் கீழ ஒருத்தர் இருக்கார். அவர் பாதி நேரம் ஆபரேஷன் பக்கம்தான் இருப்பார், போன்லதான் குடும்பம் நடத்துவார்.

"சார், ஹீமோகுளோபின் நேத்து பன்னண்டு சார். இன்னிக்கு எட்டு. ஆமா சார்... இல்ல சார், ரத்த வாந்தி எல்லாம் இல்ல... பாக்க நல்லாத்தான் சார் இருக்கா... சரி சார்... சரி சார்..."

ஒவ்வொரு சரி சாருக்கும் உள்ளங்கையில ஒண்ணு எழுதினாங்க. ஒண்ணு, வயித்துக்கு ஸ்கேன். ரெண்டு, எனக்குச் சேர்ற ரத்தம் ரெண்டு பை தயாரா இருக்கணும். மூணு, குழாய் விட்டுப் பாக்கறது. அதுக்கு ரெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கலேன்னா அடுத்த வாரம் ஆயிடுமாம், அதனால இப்பவே குடுத்துடணும். நாலு, ரத்தத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாக்கறது. அதைத்தான் எப்படியும் நாளைக் காலைல எடுக்கப் போறாங்களே, அதோட பாத்துக்கலாமாம். அந்த ரிப்போர்ட் வர்றதுக்குப் பன்னண்டு மணி ஆகும். குழாய் ஒம்போதுக்கு.

அம்மாகிட்ட வந்து, "உள்ள எங்கேயோ ரத்தம் கசியுதான்னு பாக்கணும்மா"ன்னாங்க. அம்மா கையில இருந்த துணி அப்படியே நழுவிக் கீழ விழுந்துச்சு. "எவ்வளவு வேணுமோ என்கிட்டேர்ந்து எடுத்துக்கோ கண்ணு"ன்னு கையை நீட்டிட்டாங்க. எனக்கு எட்டுன்னு காதுல விழுந்த நிமிஷத்துலேர்ந்து தலை சுத்த ஆரம்பிச்சுது. சத்தியமா சொல்றேன், நடிக்கல. அதுவரைக்கும் கண்டக்டரக்காவோட சீட்டுக்கட்டு விளையாடிக்கிட்டு இருந்தேன். எட்டுன்னதும் கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு, வயிறு ஏதோ செய்யுது, நாக்கு உலர்ந்து போச்சு. அக்கா சீட்டுக்கட்டைக் கலைச்சு வச்சுட்டு, "ஒரு நம்பர் சொன்னதும் ஏன்டி இப்படிச் சாயறே? நல்லா ஓடின வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு"ன்னாங்க.

மூணு மணிக்கு ஸ்கேன். வயித்துல ஜில்லுன்னு எதையோ தடவி தேய்ச்சாங்க. ஒண்ணும் இல்ல, எல்லாம் சுத்தமா இருக்குன்னாங்க. அப்பாடான்னு அம்மா கும்பிட்டாங்க. குட்டி டாக்டர் மறுபடி போன் பண்ணிக் கேட்டுட்டு வந்து சொல்றாங்க, "ஸ்கேன்ல தெரியலேன்னா கண்டிப்பா குழாய் விட்டுத்தான் பாக்கணுமாம்." இருந்தாலும் குழாய், இல்லேன்னாலும் குழாய். என்ன கணக்கோ!

நாலு மணி இருக்கும். எதிர் வரிசையில கண்ணாடி போட்ட இன்னொரு பயிற்சி டாக்டர் ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனார். சிஸ்டர் அங்கேர்ந்தே ஒரு அதட்டு அதட்டினாங்க.

"டாக்டர்! டிரிப்ஸ் ஓடற கையில ஏன் எடுக்கறீங்க? தண்ணி கலந்துடும். எல்லாமே கம்மியா காட்டும். அப்பறம் இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க!"

நான் எழுந்தே உக்காந்துட்டேன். தலை சுத்தல் போன இடம் தெரியல. என் வயித்துல ஒண்ணும் கசியல. என் கையில தண்ணி கலந்திருக்கு!

சொல்லிட வேண்டியதுதானேன்னு நீ நினைப்ப. நானும் அப்படித்தான் நினைச்சேன். வாயைத் திறந்து சிஸ்டர்னு கூப்பிடக்கூட செஞ்சேன். "என்னம்மா?"ன்னு திரும்பினாங்க. "தண்ணி வேணும்"னுட்டேன். எப்படிச் சொல்றது? சொன்னா எனக்குக் குழாய் கிடையாது. ஆனா நாளைக்கு எட்டரைக்கு அத்தனை பேர் முன்னாடி குட்டி டாக்டர் கதி என்ன ஆகும்? கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. கெஞ்சினது நான். மூச்சு விட மாட்டேன்னு வாக்கு வேற குடுத்திருக்கேன். சொல்லாம இருந்தா தொண்டைக்குள்ள குழாய். அம்மா வேற பக்கத்துல உக்காந்து ஊசியைக் கோக்கத் தெரியாம கோத்துக்கிட்டிருந்தாங்க. எங்கம்மா! இருட்டுல கூட ஊசி கோக்கறவங்க.

ஏழு மணிக்குக் குட்டி டாக்டர் ஒரு ஃபாரத்தோட வந்தாங்க. குழாய் விடறதுக்கு அம்மா கையெழுத்துப் போடணும். அம்மா முகம் கழுவிட்டு வர்றேன்னு போனாங்க. அழுதுட்டு வரத்தான் போனாங்கன்னு எனக்குத் தெரியும்.

இதை விட்டா நேரம் இல்ல. அவங்க கோட்டைப் பிடிச்சு இழுத்தேன்.

"டாக்டர், காலைல இந்தக் கையில எடுத்தீங்கல்ல?"

"ஆமா."

"அதுல தண்ணி கலந்திருந்தா கம்மியா காட்டுமாமே."

அவங்க முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சீட்டைப் புரட்டி முந்தின நாள் ரிப்போர்ட்டையும் அன்னிக்கு வந்த ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, விரல் வச்சு ஒவ்வொண்ணா பாத்தாங்க. உதடு மட்டும் அசையுது.

"வெள்ளை அணுவும் கொறஞ்சிருக்கு... இதுவும்... எல்லாமே மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு. ரத்தம் கசிஞ்சா ஒரே நாள்ல எல்லாமே ஒரே அளவுக்கா கொறையும்? ஐயோ... எட்டைப் பாத்ததும் நான் வேற எதையும் பாக்கவே இல்லயே."

பொத்துன்னு என் கட்டில்லயே உக்காந்துட்டாங்க.

எனக்குப் பயமும் இருந்துச்சு, கோவமும் வந்துச்சு. "நான்தான் நல்லா இருக்கேனே டாக்டர். எதுக்குத் தினமும் எடுக்கறீங்க?"

"சீட்ல இருக்கு."

"தினமும்னு எழுதினது யாரு?"

"எனக்கு முன்னாடி இந்தப் பக்கத்துக் கட்டில்களைப் பாத்தவர். நீ வந்த மறுநாளே அவரை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க."

"எதுக்கு எழுதினாராம்?"

"தெரியல."

"அப்ப அடிச்சிட வேண்டியதுதானே?"

மாடியிலேர்ந்து குதின்னு சொன்ன மாதிரி என்னைப் பாத்தாங்க. "அவர் ஏதோ காரணத்தோட எழுதியிருந்தா? நான் அடிச்ச அன்னிக்குன்னு பாத்து உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அப்பறம் பாக்கெட்லேர்ந்து அந்தக் குட்டி நோட்டை எடுத்துக் காட்டினாங்க. எந்த வியாதிக்குப் பெரிய டாக்டர் என்ன டெஸ்ட் கேப்பார்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க. "ரவுண்ட்ஸ்ல அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அனுப்பினியா? ஆமான்னா அடுத்த கட்டிலுக்குப் போயிடுவார். இல்லேன்னா நான் அங்கேயே நிக்கணும். போன வாரம் ஒருத்தங்களுக்கு ஒண்ணு அனுப்பல. தேவையே இல்லாத டெஸ்ட். எட்டு பேர் நிக்கறாங்க, அந்த நோயாளியும் பாத்துக்கிட்டு இருக்காங்க. 'நீ இங்க டாக்டரா வந்திருக்கியா, விசிட்டரா வந்திருக்கியா?'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பறம் பாத்ரூம்ல போய் அழுதேன். ஏன் அனுப்பினேன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்னைக் கேட்டதில்லம்மா."

நான் வலது கையை நீட்டினேன். கத்திரிக்காய்க் கையை. "எடுங்க டாக்டர். கத்த மாட்டேன்."

ஒரு தடவை தவறிச்சு. நான் வாயைத் திறக்கல. ரெண்டாவது தடவை வந்துச்சு. கொண்டுபோறதுக்கு ஆளுக்குக் காத்திருக்காம, டியூபைக் கையில பிடிச்சுக்கிட்டு அவங்களே லேபுக்கு ஓடினாங்க. திரும்பி வந்த அம்மா, "மறுபடியுமா எடுத்தாங்க?"ன்னு கேட்டதுக்கு, "எதுக்கும் ஒரு தடவை"ன்னு மட்டும் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாங்க. பன்னண்டு! அம்மா கட்டிப் பிடிச்சது என்னை இல்ல, அவங்களை. அப்பறம்தான், "அப்ப மத்தியானம் எட்டுன்னது?"ன்னு அம்மா கேட்டாங்க.

கண்டக்டரக்கா சட்டுன்னு எழுந்து உக்காந்தாங்க. "மெஷின் கோளாறுன்னு சொல்லிடும்மா. மெஷினுக்கு என்ன, வாயா இருக்கு?" காலைல அவங்க தூங்கவே இல்லன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

குட்டி டாக்டர் அக்காவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "மெஷின் இல்லம்மா. நான்தான் டிரிப்ஸ் கையில எடுத்துட்டேன். தண்ணி கலந்துடுச்சு"ன்னாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்ச பாதி இதுதான். நான் கெஞ்சினது தெரியாது. அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? "ஜாக்கெட் கையைத் தப்பா வெட்டிட்டா துணியே போச்சு. இது திரும்பக் கிடைச்சுதே, போ"ன்னாங்க.

நடு டாக்டருக்குப் போன் பண்ணி குழாயை நிறுத்தியாச்சு. "காரணம் என்னன்னு எழுதறே?"ன்னு அவர் கேட்டது எனக்கே கேட்டுச்சு. "காலைல நேர்ல சொல்றேன் சார்"னு வச்சுட்டாங்க.

இன்னிக்குக் காலைல எட்டரை மணி. பெரிய டாக்டர் முன்னாடி, நடு டாக்டர் பக்கத்துல, சிஸ்டர், கண்ணாடிக்காரர், இன்னும் யார் யாரோ. என் கட்டிலைச் சுத்தி வெள்ளைச் சுவர் மாதிரி நின்னாங்க.

பெரிய டாக்டர் சீட்டைப் பாத்துக்கிட்டே, "எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினியா?"ன்னார்.

"இல்ல சார்."

அவர் சீட்டை மூடினார்.

"ஏன்?"

"நேத்து எடுத்த ரத்தம் தப்பு சார். டிரிப்ஸ் ஓடற கையில எடுத்தேன். ராத்திரி மறுபடி எடுத்ததுல பன்னண்டு இருக்கு."

"டிரிப்ஸ் கையில எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சே எடுத்தியா? ஏன்?"

இங்கதான்டி. இங்கதான் நான் சொல்லியிருக்கணும். நான்தான் கெஞ்சினேன்னு. ரெண்டே ரெண்டு வார்த்தை. அவங்க என் பக்கம் திரும்பக்கூட இல்ல. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என் வாய், நேத்துக் காலைல ஆறு மணிக்கு அவ்வளவு நல்லா வேலை செஞ்ச வாய், திறக்கவே இல்ல. "அவசரத்துல எடுத்துட்டேன் சார்"னு அவங்களே முடிச்சுட்டாங்க. உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சது இதைத்தான்.

அவர் விடல. "மூணு நாளா காய்ச்சல் இல்ல. இந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தினமும் ரத்தம் எடுக்கறே?"

"சீட்ல இருந்துச்சு சார்."

"சீட்ல எதுக்கு இருந்துச்சு?"

"தெரியல சார்."

"எதுக்குன்னு தெரியாம எதுக்கு எடுத்தே?"

"நீங்க அனுப்பினியான்னு கேப்பீங்க சார்."

அவங்க திமிரா சொல்லல. தூக்கம் இல்லாதவங்க பொய் யோசிக்கத் தெம்பு இல்லாம உண்மையைச் சொல்லுவாங்களே, அப்படி. கண்டக்டரக்கா இருமற மாதிரி சிரிச்சாங்க. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார். "நானா?"ன்னார். நடு டாக்டர் ஃபேனைப் பாத்தார்.

"சிஸ்டர், இந்த வார்டுல எத்தனை பேருக்குத் தினமும் எடுக்கறாங்க?"

"பத்தொம்போது பேருக்கு சார்."

"இருபத்திரண்டுலயா?"

"மீதி மூணு பேர் நேத்துத்தான் சார் வந்தாங்க. இன்னும் எழுதல."

அக்காவால அடக்க முடியல. "எனக்குக் கால்லதான் புண்ணு டாக்டர். ஆனா டிக்கெட் கிழிக்கற மாதிரி தினமும் கையில குத்தறாங்க!"

அவருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. சிரிக்கவும் இல்ல, கத்தவும் இல்ல. வாட்ச்சைப் பாத்தார். "நாளைக்குக் காலைல யாருக்கு எது, எதுக்குன்னு எழுதி வை. காரணம் இல்லாததை எல்லாம் அடிச்சிடு."

"நானா சார்?"

"எடுக்கறது நீதானே? நேத்து நடந்ததுக்கும் ஒரு விளக்கம் எழுதிக் குடு." போகப் போனவர் தலைக்கு மேல பாட்டிலைப் பாத்தார். "இது எதுக்கு ஓடுது?" எல்லாரும் சீட்டைப் புரட்டினாங்க. அவர் நாலு கட்டில் தாண்டறதுக்குள்ள சிஸ்டர் வந்து என் கையில இருந்த ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வச்சு ஒட்டிட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு ரெண்டு கையாலயும் தலை வாரினேன். அந்தச் சுகம் உனக்குச் சொன்னா புரியாது.

பகல் பூரா குட்டி டாக்டரைக் காணோம். விளக்கம் எழுதப் போனவங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களோன்னு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாங்க. தூங்கிக் குளிச்சுட்டு வந்த முகம். விளக்கத்தைக் குடுத்தாச்சாம். அவர் படிச்சுட்டு மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாராம், அவ்வளவுதானாம். வந்தவங்க நேரா எல்லாச் சீட்டையும் மேஜையில குவிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. ஒவ்வொண்ணாப் படிக்கறது, எழுந்து அந்தக் கட்டிலுக்குப் போய் அந்த ஆளைப் பாக்கறது, திரும்ப வந்து எழுதறது. கண்டக்டரக்கா கால்கட்டை அவங்களே பிரிச்சுப் பாத்து, "நல்லா ஆறிட்டு வருதே!"ன்னாங்க. "அதைத்தானே நான் ஒரு வாரமா சொல்றேன்"னு அக்கா.

ஒம்போது மணிக்கு என்கிட்ட வந்தாங்க. "உன்னோடது மட்டும்தான் பாக்கி." அம்மா பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க.

"டாக்டர், காலைல நான் சொல்லியிருக்கணும். நான்தான் கேட்டேன்னு. பயமா இருந்துச்சு. சாரி."

"நீ சொல்லியிருந்தா மட்டும்? குத்தினது உன் கையா, என் கையா?" லேசா என் தலையில ஒரு தட்டு தட்டினாங்க. "நீ நேத்து சொன்னியே, அது போதும். சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்குக் குழாயும் விட்டு, அதுலயும் ஒண்ணும் இல்லேன்னு வந்ததும் இன்னும் பெருசா எதுக்காவது அனுப்பியிருப்போம்."

அப்பறம் பேனாவை அந்தத் 'தினமும்' மேல வச்சாங்க. வச்சாங்களே தவிர, அடிக்கல. பேனா முனை அங்கேயே நிக்குது.

பேனாவைக் கீழ வச்சுட்டு, என் கண்ணு இமையை இழுத்துப் பாத்தாங்க. நாக்கை நீட்டச் சொன்னாங்க. வயித்தை நாலு பக்கமும் அமுக்கினாங்க. நாடியைப் பிடிச்சுக்கிட்டு வாட்ச்சைப் பாத்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாங்க. என்ன சாப்பிட்டே, எப்படிப் போச்சு, எழுந்து நடந்தா கிறுகிறுங்குதான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. அஞ்சு நாளா அவங்க என் கையை மட்டும்தான்டி பாத்திருக்காங்க. இன்னிக்குத்தான் என்னைப் பாத்தாங்க.

"நல்லா இருக்கே. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்"னாங்க. மறுபடி பேனாவை எடுத்தாங்க.

அப்ப என் வாய்லேர்ந்து என்ன வந்துச்சு தெரியுமா? உனக்குச் சிரிப்பு வரும். "டாக்டர்... நாளைக்கு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எடுத்துப் பாத்துடலாமா? எதுக்கும்?"

கத்திரிக்காய்க் கையை வச்சுக்கிட்டு நானே கேட்டேன்! நிஜமாவே கேட்டேன்டி. யாரும் பாக்கலேன்னா உள்ள ஏதாவது ஆனா யாருக்குத் தெரியும்னு திடீர்னு ஒரு திகில்.

அவங்க என்னையே பாத்தாங்க. "எடுக்கலாம். ஆனா எதுக்குன்னு எழுதணுமே. என்ன எழுதட்டும்?"

யோசிச்சேன். காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல, தலை சுத்தல் இல்ல. "பயம்னு எழுதுங்க."

"அதுக்குத்தாம்மா அஞ்சு நாளா எடுத்தேன்"னு சொல்லிட்டு, ஒரே கோடா இழுத்து அடிச்சாங்க. பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க, மணி போட்டாங்க. அடிச்ச கோட்டை இன்னொரு தடவை திரும்பிப் பாத்தாங்க. நான் பாத்தேன்னு அவங்களுக்குத் தெரியும்.

எனக்கும் பயம் இன்னும் முழுசாப் போகல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் நாடியை நானே பிடிச்சுப் பாக்கறேன், ஓடுது. பசிக்கக்கூட செய்யுது. அம்மா பையில ஒரு பிரட் பாக்கெட் இருக்கு, சத்தம் வராம பிரிக்கணும். நீ தூங்கு.